கரை ஒதுங்கிய டால்பினின் இரைப்பைப் பரிசோதனை: புண், புழு, இறப்பின் காரணம் – ஒரு முழுமையான வழிகாட்டி

கரை ஒதுங்கி இறந்த டால்பினின் இரைப்பையைத் திறந்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுபவை புழுக்கள்தான். வெளிறிய நிறத்தில், கொத்துக் கொத்தாக, உட்சுவரில் தலையைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் "புழுத் தாக்குதலால் இறந்தது" என்று அறிக்கையை முடித்துவிடத் தோன்றும். இந்த வழிகாட்டியை எழுதக் காரணமே அந்த அவசரம்தான். நல்ல உடல்நிலையோடு கடலில் திரியும் டால்பின்களின் வயிற்றிலும், கடற்பன்றி எனப்படும் போர்பாய்ஸ்களின் வயிற்றிலும் இதே புழுக்கள் வாழ்கின்றன. மீன்பிடி வலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்த கொழுத்த விலங்கைத் திறந்தாலும் அவை இருக்கும். புழு இருந்ததா என்பது எளிய கேள்வி. அந்தப் புழு இந்த விலங்கை என்ன செய்தது என்பதே நாம் பதில் தேட வேண்டிய கேள்வி.

கால்நடை மருத்துவர்கள், கடல் உயிரியல் மாணவர்கள், மீட்புக் குழுக்களில் இருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: அனுமதி, பாதுகாப்பு, உடலின் நிலை

பெரும்பாலான நாடுகளில் டால்பின்களும் போர்பாய்ஸ்களும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. இறந்த உடலானாலும் உரிய துறையின் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. விலங்கு உயிரோடு இருந்தால் இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது. உடனே மீட்புக் குழுவை அழையுங்கள். அவர்கள் வரும்வரை மூச்சுத் துளைக்குள் நீரோ மணலோ போகாமல் காத்து, தோலை ஈரமாகவும் நிழலிலும் வைத்திருங்கள். வாலைப் பிடித்துக் கடலுக்குள் இழுக்காதீர்கள்.

கையுறை இரண்டு அடுக்காக அணியுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். புருசெல்லா செட்டி, எரிசிப்பெலோத்ரிக்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் இந்த விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவை. வெட்டுக்காயம் பட்டால் உடனே கழுவிவிட்டு, மருத்துவரிடம் போகும்போது எந்த விலங்கைக் கையாண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரைப்பைப் புழுக்களைத் தொடுவதால் தொற்று வராது. இவற்றில் ஒன்றான அனிசாகிஸ் என்ற உருண்டைப்புழு மனிதருக்கு வருவது, உயிருள்ள இளம்புழு இருக்கும் மீனையோ கணவாயையோ பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்பதால். இந்தப் புழுவால் மனிதருக்கு வரும் நோய் முதன்முதலில் 1960-இல் நெதர்லாந்தில், பச்சை ஹெர்ரிங் மீன் தின்றவர்களிடம் கண்டறிந்து விவரிக்கப்பட்டது.

அடுத்து, உடல் எவ்வளவு அழுகியிருக்கிறது என்று குறியுங்கள். பரவலாகப் பயன்படும் அளவுகோலில் 1 என்றால் உயிருள்ளது, 2 புதிதாக இறந்தது, 3 ஓரளவு அழுகியது, 4 மிகவும் அழுகியது, 5 காய்ந்தோ எலும்பாகவோ மிஞ்சியது. இந்த எண்ணைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். நிலை 2-இல் திசுப் பரிசோதனை, பாக்டீரியா வளர்ப்பு எல்லாமே பலன் தரும். நிலை 4-இல் புழுவை அடையாளம் காணலாம், இரையாகப் போன மீனின் செவிக்கல்லும் (காதுக்குள் இருக்கும் சிறு கல்) கணவாயின் அலகும் (கடினமான வாய்ப்பகுதி) எண்ணலாம், ஆனால் உட்சவ்வில் தெரியும் மாற்றம் நோயா அழுகலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உடனே அறுக்க வாய்ப்பில்லை என்றால் பனிக்கட்டியில் வையுங்கள். உறையவைத்தால் செல்கள் உடைந்து திசுப் பரிசோதனையின் தரம் கெட்டுவிடும். நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலையில் மட்டும் உறையவையுங்கள்.

இரண்டாம் படி: கத்தி எடுக்கும் முன்

இனம், பால், நீளம், எடை. நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வால்துடுப்பின் நடுப்பள்ளம் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். உடலின் வளைவோடு நாடாவை ஓட்டினால் கணக்கு தப்பும். டால்பினா போர்பாய்ஸா என்ற ஐயம் வந்தால் பல்லைப் பாருங்கள். டால்பினின் பல் கூம்பாக இருக்கும், போர்பாய்ஸின் பல் தட்டையாக, மண்வெட்டியின் அலகு போல் இருக்கும்.

உடல் மெலிந்திருக்கிறதா என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள், ஏனெனில் பின்னால் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இதை ஒட்டியே நிற்கும். முதுகுத் துடுப்பின் இருபுறமும் தசை புடைத்திருந்தால் நல்ல நிலை. உள்வாங்கிக் குழிந்திருந்தால் மெலிவு. தலைக்குப் பின்னால் கழுத்துப் பள்ளம் தெரிந்தால் மெலிவு முற்றியிருக்கிறது. தோலடிக் கொழுப்பின் தடிப்பை முதுகிலும் பக்கவாட்டிலும் வயிற்றிலும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

தோலில் மெல்லிய கோடுகளாக வலைத் தடம் இருக்கிறதா, துடுப்பு ஓரங்களில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து பாருங்கள். வாயிலோ உணவுக்குழாயிலோ புழு இருந்தால் அது அங்கேயே வாழ்ந்தது என்று கொள்ள வேண்டாம். விலங்கு இறந்த பின் அனிசாகிஸ் புழுக்கள் பிடியை விட்டு மேலேறி வரும்.

மூன்றாம் படி: இரைப்பையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம்முடையதைப் போல ஒற்றைப் பை இல்லை. டால்பினுக்கும் போர்பாய்ஸுக்கும் இரைப்பை அறைகளாகப் பிரிந்திருக்கிறது. எந்த அறையில் பார்த்தோம் என்று எழுதாத குறிப்பால் பயனில்லை.

முதலாவது முன்னிரைப்பை. உணவுக்குழாயின் தொடர்ச்சியாக விரிந்த, தசைப்பிடிப்பான பை. சுரப்பிகள் கிடையாது. உட்சவ்வு வெளிறி, தடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். மென்று தின்னும் பழக்கம் இல்லாத இந்த விலங்குகள் முழுதாக விழுங்கும் மீன் இங்கேதான் பிசையப்படுகிறது. அடுத்த அறையிலிருந்து எதுக்களித்து வரும் அமிலமும் என்சைமும் இங்கேயே செரிமானத்தைத் தொடங்கிவைக்கின்றன.

இரண்டாவது முதன்மை இரைப்பை. உட்சவ்வு கருஞ்சிவப்பாக, கனத்த மடிப்புகளோடு, ஈரமாக மின்னும். அமிலமும் பெப்சினும் சுரப்பது இங்கே. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்தக் கருஞ்சிவப்பைக் கண்டு ரத்தக்கசிவு என்று எழுதிவிடுகிறார்கள். அது அதன் இயல்பான நிறம்.

அதை அடுத்துக் குறுகிய இணைப்பு அறை, பிறகு மெல்லிய வழவழப்பான பைலோரிக் இரைப்பை, கடைசியாகச் சிறுகுடலின் தொடக்கத்திலேயே பை போல விரிந்த ஒரு பகுதி. இந்தக் கடைசிப் பை பார்ப்பதற்கு இன்னொரு இரைப்பை அறை போலவே இருக்கும், உண்மையில் குடலின் பாகம். அலகுத் திமிங்கிலங்களுக்கு முன்னிரைப்பை கிடையாது, மாறாக இணைப்பு அறைகள் பல உண்டு. அவற்றை அறுக்க நேர்ந்தால் இந்த வரைபடத்தை அப்படியே பொருத்தாதீர்கள்.

நான்காம் படி: வெளியே எடுத்தல்

இடப்பக்கம் மேலே இருக்கும்படி உடலைக் கிடத்தினால் இரைப்பை எளிதாகக் கைக்கு வரும். வயிற்றறையைத் திறந்ததும் எதையும் தொடாமல் ஒரு நிமிடம் பாருங்கள், படம் எடுங்கள். உள்ளே திரவம் இருக்கிறதா, எவ்வளவு, என்ன நிறம்? குடலின் மேல் மஞ்சள் நிறத்தில் ஃபைப்ரின் (அழற்சியின்போது கசிந்து உறையும் நார்ப்புரதம்) படிந்திருக்கிறதா? உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா? இரைப்பையைக் கையில் எடுத்த பிறகு இந்தக் கேள்விகளுக்குத் திரும்பிப் போக முடியாது.

இரைப்பைச் சுவரில் ஓட்டை இருந்தால் அது உயிரோடு இருக்கும்போது விழுந்ததா, இறந்த பின் விழுந்ததா என்று தீர்மானிக்க வேண்டும். இறந்த பிறகும் அமிலம் சுவரை அரித்துக்கொண்டே இருக்கும். அப்படி விழுந்த ஓட்டையின் ஓரம் நைந்து கிழிந்திருக்கும், சுற்றிலும் சிவப்போ தடிப்போ ஃபைப்ரினோ இருக்காது. உயிரோடு இருக்கும்போது விழுந்த ஓட்டையைச் சுற்றி உடல் போராடிய தடம் இருக்கும்: தடித்த ஓரம், ஃபைப்ரின் படலம், பக்கத்து உறுப்போடு ஒட்டல், சீழ் கலந்த திரவம். வயிற்றறை அழற்சி என்று எழுத இந்தத் தடங்கள் வேண்டும். திரவம் மட்டும் போதாது.

பாக்டீரியா வளர்ப்புக்கான மாதிரியை இப்போதே, கழுவுவதற்கு முன் எடுங்கள். பிறகு உணவுக்குழாயின் கீழ்முனையிலும், சிறுகுடல் தொடக்கப் பையைத் தாண்டியும் நூலால் இறுகக் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, எல்லா அறைகளையும் ஒன்றாக எடுங்கள். பையின் கீழே கட்டாமல் பைலோரஸிலேயே (இரைப்பை சிறுகுடலோடு சேரும் குறுகலான வாயில்) வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி வெட்டினால் தட்டைப்புழுக்களில் ஒரு பகுதியை இழந்துவிடுவோம். எடை போட்டு எழுதுங்கள். காலியான பின் மறுபடி எடை போட்டால் உள்ளடக்கத்தின் எடை கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: உள்ளடக்கம்

ஒவ்வொரு அறையையும் தனித் தட்டில் திறக்க வேண்டும். பெரிய வளைவின் ஓரமாக வெட்டிக்கொண்டு போங்கள். உள்ளடக்கத்தை 1 மி.மீ., 0.5 மி.மீ. கண்ணளவுள்ள சல்லடைகளில் மெதுவாகக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் சிறு புழுக்கள் கிழிந்துவிடும்.

செரிக்காத மீன் நிறைய இருந்தால் விலங்கு இறப்பதற்குச் சற்று முன்புவரை இரை தேடிக்கொண்டிருந்தது என்று பொருள். வலைத் தடமும் நிறைந்த வயிறும் கொழுத்த உடலும் ஒன்றாகத் தெரிந்தால், புழுவை மறந்துவிட்டு வலையைப் பற்றி யோசியுங்கள். மீனின் செவிக்கற்கள் அமிலத்தில் கரையும், கணவாயின் அலகு எளிதில் கரையாமல் நாள்கணக்கில் தங்கும். வயிற்றில் அலகு மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த விலங்கு கணவாய் மட்டுமே தின்றது என்று கொள்ள முடியாது. கடைசி உணவு நெடுநேரத்துக்கு முந்தையது என்பதற்கும் அது அறிகுறியாகலாம்.

காபித்தூள் கரைசல் போலக் கருத்த திரவம் செரிமானம் ஆன ரத்தம். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. குடலிலும் கருத்த மலம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னிரைப்பையில் மணலும் கூழாங்கல்லும் இருந்தால் விலங்கு அலையடிக்கும் இடத்தில் உயிரோடு தத்தளித்திருக்க வாய்ப்பு அதிகம். மூச்சுக்குழாயிலும் மணல் இருந்தால் அந்த முடிவு உறுதிப்படும்.

பிளாஸ்டிக், நைலான் கயிறு, வலைத் துண்டு, தூண்டில் முள் எதுவாயினும் அப்படியே எடுத்து வையுங்கள். ஒரு துண்டு பிளாஸ்டிக் கிடைத்தாலே அதுதான் கொன்றது என்று செய்தி பரவிவிடும். அடைத்துக்கொண்டிருந்ததா, சுவரைக் குத்தியதா, அதற்குப் பின்னால் உணவு தேங்கியதா என்பவற்றைப் பார்த்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும்.

குட்டி என்றால் பால் இருக்கிறதா என்று தேடுங்கள். இங்கே புழுக்கள் நமக்கு ஓர் அரிய தகவலைத் தருகின்றன. அனிசாகிஸ் பாலின் வழியே வருவதில்லை, இரையின் வழியே வருகிறது. பால் குடிக்கும் வயதுள்ள குட்டியின் முன்னிரைப்பையில் அனிசாகிஸ் இருந்தால் அது மீனோ கணவாயோ தின்னத் தொடங்கிவிட்டது. தாயைப் பிரிந்த குட்டியா என்று ஆராயும்போது இந்தச் சிறு குறிப்பு பெரிதும் உதவும்.

ஆறாம் படி: யார் எங்கே இருக்கிறார்கள்

அனிசாகிஸ் பெரும்பாலும் முன்னிரைப்பையில் வாழும் உருண்டைப்புழு. இதன் முட்டை விலங்கின் மலத்தோடு கடலில் கலக்கிறது. இளம்புழுவைக் கிரில் போன்ற சிறு ஓட்டுடலிகள் தின்கின்றன, அவற்றை மீனும் கணவாயும் தின்கின்றன. மீனின் உடலில் சுருண்டு கிடக்கும் இளம்புழு டால்பினின் வயிற்றுக்கு வந்து முதிர்கிறது. வடகடல்களில் அனிசாகிஸ் சிம்ப்ளெக்ஸ், மத்தியதரைக் கடலிலும் தென்கடல்களிலும் அனிசாகிஸ் பெக்ரெஃபியை, வெப்பக் கடல்களில் அனிசாகிஸ் டிப்பிகா என்று இடத்துக்கு இடம் இனம் மாறும். வெறும் கண்ணால் இவற்றைப் பிரிக்க முடியாது, மரபணுச் சோதனை வேண்டும்.

ஒரே இடத்தில் பல புழுக்கள் தலையைப் புதைத்துக்கொள்ளும்போது அங்கே புண் உண்டாகிறது. ஓரம் மேடிட்டு, நடுவே குழிந்து, அடிப்பகுதியில் புழுக்கொத்து நிற்கும். புழு இல்லாத புண்ணும் இருக்கலாம். புழுக்கள் விட்டுப் போயிருக்கலாம், மீன்முள் குத்தியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஆறிய புண் நட்சத்திர வடிவத்தில் வெளிறிய தழும்பாகத் தெரியும். அதையும் எண்ணிக்கையில் சேருங்கள். நோய் எவ்வளவு காலமாக இருந்தது என்று சொல்லும் சான்று அது.

முதன்மை இரைப்பை, பைலோரிக் இரைப்பை ஆகியவற்றின் சுவரில் கட்டி கட்டியாக, உள்ளே தடித்து நார்த்திசு சூழ்ந்த முண்டுகள் தெரிந்தால் ஃபோலிட்டர் காஸ்ட்ரோஃபிலஸ் என்ற தட்டைப்புழுவை நினையுங்கள். புழு மேற்பரப்பில் இருக்காது. உட்சவ்வுக்கு அடியில் குடைந்து, சில மில்லிமீட்டர் உடலோடு முண்டின் உள்ளே இருக்கும் குழியில் கிடக்கும். முண்டின் உச்சியில் சிறு துளை தெரியும். குறுக்கே வெட்டினால் கரும்பழுப்பான குழிகள் தெரியும். வெட்டாமல் பார்த்தால் புற்றுக்கட்டி என்று தோன்றலாம். பெரும்பாலும் விலங்கு இதைத் தாங்கிக்கொள்கிறது. பைலோரஸின் குறுகலான வாயிலில் முண்டு வளர்ந்து வழியை நெருக்கினால்தான் ஆபத்து. எனவே வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரல்விட்டுப் பார்த்து எழுதுங்கள்.

பைலோரிக் இரைப்பையிலும் சிறுகுடல் தொடக்கப் பையிலும், குறிப்பாகப் பாட்டில்மூக்கு டால்பினில், பிரவுனினா கார்டிஃபார்மிஸ் என்ற தட்டைப்புழு உட்சவ்வைக் கவ்விக்கொண்டு இருக்கும். இதய வடிவத்தில் சிறு பைகளாகத் தெரியும் இவற்றைச் சவ்வு வீக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

புழுவே இல்லாமலும் இரைப்பை நோய் வரும். கரையில் உயிரோடு வெகுநேரம் கிடந்த விலங்கின் சுரப்பி அறைகளில் மேலோட்டமான புது ரத்தக்கசிவுப் புண்கள் காணப்படலாம். அவை கடைசி நேர அதிர்ச்சியின் விளைவு. கரை ஒதுங்கியதற்குக் காரணம் என்று அவற்றை எழுதக் கூடாது. ஹெலிகோபாக்டர் சீட்டோரம் என்ற பாக்டீரியா 2002-இல் டால்பின்களிலும் திமிங்கிலங்களிலும் இருந்து விவரிக்கப்பட்டது. நம் வயிற்றுப் புண்ணோடு தொடர்புடைய ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு உறவானது. அதைத் தேட விரும்பினால் மிகப் புதிய உட்சவ்வும், ஆக்சிஜன் குறைந்த சூழலில் வளர்க்கும் வசதியும் வேண்டும். திசுவில் வெள்ளிச் சாயம் ஏற்றியும் தேடலாம்.

வயிற்றோடு நிறுத்திவிடாதீர்கள். போர்பாய்ஸின் பித்தநாளங்களிலும் கணையநாளங்களிலும் கேம்ப்யூலா ஆப்லாங்கா என்ற தட்டைப்புழு வாழும். கல்லீரலை வெட்டினால் நாளங்கள் தடித்து வெண்மையாகத் தெரியும். இந்த விலங்குகளுக்குப் பித்தப்பை கிடையாது, காணோமே என்று தேட வேண்டாம். நுரையீரல் புழுக்கள், காதுப் பகுதிப் புழுக்கள், தோலடிக் கொழுப்பில் இருக்கும் நாடாப்புழு இளநிலைகள் ஆகியவற்றையும் குறியுங்கள். மெலிந்த உடலுக்கான விடை பல முறை நுரையீரலில்தான் இருக்கிறது.

ஏழாம் படி: எண்ணுதல், பாதுகாத்தல்

எல்லாப் புழுவையும் எண்ண முடிந்தால் எண்ணுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் மொத்தத்தையும் எடை போட்டு, நன்றாகக் கலந்து, ஒரு பங்கை மட்டும் எண்ணிப் பெருக்குங்கள். எப்படி எண்ணினீர்கள் என்பதையும் எழுதுங்கள். "ஏராளம்" என்ற சொல்லை வைத்து எந்த ஒப்பீடும் செய்ய முடியாது.

மரபணுச் சோதனைக்கு 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால். வடிவத்தைப் பார்க்க 70 சதவீத எத்தனால். உருண்டைப்புழுவைச் சூடான எத்தனாலில் போட்டால் சுருளாமல் நேராக நிற்கும். குடலில் முள்தலைப் புழு கிடைத்தால் முதலில் குளிர்ந்த நன்னீரில் சில மணி நேரம் விடுங்கள், உள்ளிழுத்த மூக்குப்பகுதி வெளியே வரும். அது வெளிவராத மாதிரியை அடையாளம் காண்பது பெரும் பாடு. ஃபார்மலினில் போட்ட புழு மரபணுச் சோதனைக்கு அநேகமாகப் பயன்படாது, ஆகவே எல்லாவற்றையும் ஒரே புட்டியில் கொட்டாதீர்கள்.

திசுத் துண்டுகள் 1 செ.மீ. தடிப்பைத் தாண்டக் கூடாது. துண்டின் அளவைப் போல் பத்து மடங்கு 10 சதவீத நடுநிலை ஃபார்மலின் வேண்டும். புண்ணின் நடுவை மட்டும் வெட்டாமல், நல்ல திசுவும் புண்ணின் ஓரமும் ஒரே துண்டில் வரும்படி வெட்டுங்கள். ஒவ்வொரு அறையிலிருந்தும் இயல்பான ஒரு துண்டும் எடுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

புண் ஒவ்வொன்றுக்கும் அறை, விட்டம், ஆழம், ஓரம், அடிப்பகுதி, ஒட்டியிருக்கும் புழு ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். ஆழம் முக்கியம்: உட்சவ்வோடு நின்றதா, அடிச்சவ்வுக்குப் போனதா, தசையைத் துளைத்ததா? அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

எட்டாம் படி: எடைபோட்டு முடிவெடுத்தல்

நான் மூன்று பெட்டிகள் வைத்துக்கொள்கிறேன். தற்செயலாக இருந்தது, துணைக் காரணம், முதன்மைக் காரணம். மூன்றாவது பெட்டியில் போட உறுதியான சான்று வேண்டும்: உயிரோடு இருக்கும்போதே துளைத்து வயிற்றறை அழற்சியை உண்டாக்கிய புண், உறுப்புகள் வெளிறிப் போகும் அளவு ரத்த இழப்பு, அல்லது பைலோரஸை அடைத்து உணவைத் தடுத்த முண்டு. இவற்றில் ஒன்றும் இல்லாமல் புழுக்கள் மட்டும் இருந்தால் முதல் பெட்டிதான்.

இரண்டு உடல்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று கொழுத்த ஆண் போர்பாய்ஸ். முன்னிரைப்பையில் பெரிய புண், நூற்றுக்கணக்கில் அனிசாகிஸ், வயிறு நிறைய மீன், நுரையீரலில் நுரை, துடுப்பில் வலைத் தடம். இன்னொன்று எலும்பும் தோலுமான டால்பின். புழு பத்துப் பன்னிரண்டுதான், ஆனால் ஒரு புண் தசையைத் துளைத்திருக்கிறது, குடலெல்லாம் ஃபைப்ரின். புழு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதலாவதே நோயாளி. இறப்பின் காரணமாக இரைப்பை நோயை எழுத வேண்டியது இரண்டாவதற்கு.

துணைக் காரணம் என்ற நடுப்பெட்டி கடினமானது. மெலிந்த விலங்கில் புழு கூடுதலாக இருந்தால், புழுவால் மெலிந்ததா, வேறு நோயால் எதிர்ப்பு குறைந்து புழு பெருகியதா? மார்பிலிவைரஸ் டால்பின்களின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் கிருமி. 1990 முதல் 1992 வரை மத்தியதரைக் கடலில் கோடிட்ட டால்பின்களை அது பெருமளவில் கொன்றது. பிசிபி போன்ற நச்சு வேதிப்பொருட்களும் கொழுப்பில் சேர்ந்து எதிர்ப்பைத் தளர்த்துகின்றன. ஆகவே நுரையீரல், நிணநீர்க் கணு, மண்ணீரல், மூளை ஆகியவற்றிலிருந்து வைரஸ் சோதனைக்கும், தோலடிக் கொழுப்பிலிருந்து வேதியியல் சோதனைக்கும் மாதிரி எடுக்காமல் இரைப்பை அறிக்கையை மூடாதீர்கள். வலையில் சிக்கி இறந்த நல்ல உடல்நிலையுள்ள விலங்குகளின் புழு எண்ணிக்கை அந்தப் பகுதியின் இயல்பைக் காட்டும். அதே இனம், ஏறத்தாழ அதே நீளம் என்று பார்த்து ஒப்பிடுங்கள். வயது கூடக் கூடப் புழுவும் சேர்வதால் குட்டியையும் கிழட்டு விலங்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அறிக்கையில் பார்த்ததை ஒரு பத்தியிலும், அதிலிருந்து நீங்கள் கொண்ட கருத்தை வேறொரு பத்தியிலும் எழுதுங்கள். "முன்னிரைப்பையில் 3 செ.மீ. விட்டமுள்ள ஒரு புண், அடிச்சவ்வு வரை ஆழம், 40 அனிசாகிஸ் ஒட்டியிருந்தன, துளை இல்லை" என்பது முதல் பத்தியில் வரும். "தற்செயலானது எனக் கருதுகிறோம்" என்பது இரண்டாவதில். திசுப் பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டாம் பத்தியின் மேல் "தற்காலிகம்" என்று குறித்து வையுங்கள். புழு மாதிரிகளில் பாதியை ஓர் அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகச் சேகரிப்பிலோ பதிவு எண்ணோடு ஒப்படைத்து, அந்த எண்ணையும் அறிக்கையில் சேருங்கள்.